நிலைப்புத் தண்டு விடுவிப்பு இணைப்பு

நிலைப்புத் தண்டு விடுவிப்பு இணைப்பு என்பது கரடுமுரடான தடங்களில் செல்லும் நான்கு சக்கர இயக்க ஊர்திகளில், முன்புற நிலைப்புத் தண்டைத் தேவையானபோது கழற்றிவிடவும் பின்னர் மீண்டும் பூட்டவும் உதவும் உறுப்பு ஆகும். நிலைப்புத் தண்டு பணிமனைகளில் "ஸ்டெபிலைசர் பார்" என வழங்கப்படுகிறது. அதன் முனையைச் சக்கர அமைப்போடு சேர்க்கும் சிறு கம்பி "லிங்க்" எனப்படும். தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட லிங்க்குக்குப் பதிலாக, ஊசி ஒன்றை உருவினால் இரண்டாகப் பிரியும் லிங்க்கைப் பொருத்துவதே இதன் அடிப்படை. தண்டு கழற்றப்பட்ட ஊர்தி மேடுபள்ளங்களில் சக்கரங்களைத் தரையில் பதித்துச் செல்லும். ஆனால் அதே நிலையில் நெடுஞ்சாலையில் வேகமாகச் சென்றால் வளைவுகளில் மிகுதியாகச் சாயும். எனவே கழற்றுவதைப் போலவே, தார்ச்சாலை ஏறுமுன் மீண்டும் பூட்டுவதும் இதன் பயன்பாட்டில் இன்றியமையாததாகும்.

நிலைப்புத் தண்டின் பணி

நிலைப்புத் தண்டு என்பது பகர வடிவில் வளைக்கப்பட்ட உருக்குத் தண்டு. இதன் நடுப்பகுதி அடிச்சட்டத்தில் ரப்பர் புஷ்களால் தாங்கப்படுகிறது. இரு முனைகளும் இடது, வலது சக்கர அமைப்புகளோடு இணைக்கப்படுகின்றன. இரு சக்கரங்களும் ஒரே அளவில் ஏறி இறங்கும்போது தண்டு முறுக்கப்படுவதில்லை. ஒரு சக்கரம் மட்டும் உயரும்போது தண்டு முறுக்கப்பட்டு, அந்த வேறுபாட்டைக் குறைக்க முயல்கிறது. வளைவில் ஊர்தியின் உடல் வெளிப்புறம் சாய்வதைத் தண்டு இவ்வாறே தடுக்கிறது.

தண்டின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் அமையும். 20 மி.மீ. தண்டுக்குப் பதிலாக அதே வடிவில் 22 மி.மீ. தண்டைப் பொருத்தினால் விறைப்பு ஏறத்தாழ 46 விழுக்காடு கூடும்.

சாலையில் நன்மையாக உள்ள இப்பண்பே கரடுமுரடான தடத்தில் தடையாகிறது. இடது சக்கரம் பாறை மீது ஏறும்போது, தண்டு வலது சக்கரத்தையும் மேலே இழுக்க முயல்கிறது. வலது சக்கரத்தின் மீதான சுமை குறைந்து, அது தரைப்பிடிப்பை இழக்கிறது. பூட்டு இல்லாத டிஃபரன்ஷியல் கொண்ட இருசில் ஒரு சக்கரம் காற்றில் சுழன்றால், தரையில் உள்ள மற்ற சக்கரத்திற்கும் போதிய விசை கிடைப்பதில்லை. தண்டைக் கழற்றினால் சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கித் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

வரலாறு

நிலைப்புத் தண்டுக்கான முதல் காப்புரிமை 1919 ஆம் ஆண்டு கனடாவைச் சேர்ந்த சிடீபன் கோல்மன் என்பவருக்கு வழங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் சீப்பில் இத்தண்டு இல்லை. அதன் பட்டைவில்களே உடலின் சாய்வையும் தாங்கின. சுருள்வில்கள் பரவிய பின்னர் நிலைப்புத் தண்டின் தேவை மிகுந்தது. 2007 ஆம் ஆண்டு வடிவ சீப் ராங்ளர் ரூபிகானில், ஓட்டுநர் இருக்கையிலிருந்தே பொத்தானை அழுத்தி முன் தண்டை விடுவிக்கும் மின்னணு அமைப்பு இடம்பெற்றது. ஊர்தியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 29 கி.மீ.ஐத் தாண்டினால் இவ்வமைப்பு தண்டைத் தானாகவே மீண்டும் இணைத்துவிடும். கையால் கழற்றும் லிங்க்குகளில் இத்தகைய பாதுகாப்பு இல்லை.

மதுரைச் சமவெளியில் பயன்பாடு

மதுரையைச் சுற்றியுள்ள நிலம் பெரும்பாலும் சமவெளியே. கண்மாய்க் கரைகள், ஓடைகள், மாட்டுவண்டித் தடங்கள் ஆகியவையும், மேற்கிலும் வடக்கிலும் நாகமலை, சிறுமலை, அழகர்மலை அடிவாரங்களின் பாறைத் தடங்களுமே இங்குள்ள கரடுமுரடான நிலங்கள். இவற்றுள் விடுவிப்பு இணைப்பு உண்மையில் உதவும் இடங்கள் சிலவே:

- மழைநீர் அரித்த ஓடைகளைக் குறுக்காகக் கடக்கும்போது, முன் சக்கரங்களுள் ஒன்று பள்ளத்திலும் மற்றொன்று மேட்டிலும் நிற்கும் நிலை.
- மலையடிவாரங்களில் உருண்டைக் கற்கள் நிறைந்த தடங்கள்.
- வண்டித் தடங்களில் ஒருபுறம் மட்டும் ஆழமாகப் பதிந்த பள்ளங்கள்.

திருமங்கலம், பேரையூர்ப் பகுதிகளின் கரிசல் மண் வடகிழக்குப் பருவமழையில் நனைந்ததும் சக்கரங்களில் அப்பிக்கொள்ளும். அங்கு ஊர்தி சிக்குவது பிடிப்பின்மையால். சக்கரம் தரையைத் தொடாததால் அன்று. வைகை, குண்டாறு போன்ற ஆறுகளின் மணலுக்கும் இது பொருந்தும். இவ்விடங்களில் தண்டைக் கழற்றுவதால் பயன் குறைவு. மணலில் டயர்க் காற்றழுத்தத்தைக் குறைப்பதும், சேற்றில் ஏற்ற டயரைப் பயன்படுத்துவதும், இரண்டிலும் டிஃபரன்ஷியல் பூட்டும் கூடுதலாக உதவும்.

இப்பகுதியின் மற்றொரு தன்மை, கரடுமுரடான தடமும் விரைவுச் சாலையும் அருகருகே இருப்பது. தேசிய நெடுஞ்சாலைகள் 38, 44, 85 ஆகியவை மதுரை வழியே செல்கின்றன. கண்மாய்க் கரையிலிருந்து இறங்கிய சில நிமிடங்களில் ஊர்தி நான்குவழிச் சாலையில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தை எட்டிவிடலாம். தண்டு கழன்ற நிலையில், குறுக்கே வரும் ஆட்டையோ இருசக்கர ஊர்தியையோ தவிர்க்கத் திடீரெனத் திருப்பினால், உயரமான ஊர்தி கவிழும் வாய்ப்பு கூடுகிறது.

ஏற்ற ஊர்திகள்

முன்புறம் முழு இருசும் சுருள்வில்களும் கொண்ட ஊர்திகளில் பயன் மிகுதி. சீப் ராங்ளர், 2023 இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த மாருதி சுசுக்கி சிம்னி ஆகியவை இவ்வகையின. 2020 இல் வெளிவந்த மகிந்திரா தார் முன்புறம் தனித்தியங்கும் அமைப்பைக் கொண்டது. இதில் சக்கரத்தின் ஏற்ற இறக்கத்தை முன்கைகளும் ஷாக் அப்சார்பரும் வரையறுப்பதால், தண்டைக் கழற்றுவதால் கிடைக்கும் கூடுதல் அசைவு குறைவு.

பொருத்தும் முறை

1. ஊர்தியைச் சமதளத்தில், முன் சக்கரங்கள் நேராக இருக்குமாறு நிறுத்திக் கைப்பிரேக்கைப் போட்டு, பின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைக்க வேண்டும். நான்கு சக்கரங்களும் தரையில் இருந்தால் தண்டில் முறுக்கம் இராது.
2. பழைய லிங்க்கின் மேல், கீழ் நட்டுகளைக் கழற்ற வேண்டும். பந்து மூட்டு கொண்ட லிங்க்கில் நட்டோடு சேர்ந்து திருகாணியும் சுழலக்கூடும். அதன் முனையை அதற்குரிய சாவியால் பிடித்துக்கொள்ள வேண்டும். பழைய லிங்க்குகளை எறியாமல் வைத்திருப்பது நல்லது.
3. புதிய லிங்க்கின் நீளத்தைப் பழையதன் நீளத்திற்குச் சமமாக அமைக்க வேண்டும். ஊர்தி உயர்த்தப்பட்டிருந்தால் அதற்கேற்ப நீட்டலாம். இருபுறமும் ஒரே நீளமாக இருப்பது கட்டாயம்.
4. ஊர்தியின் எடை சக்கரங்களின் மீது இருக்கும்போதே ரப்பர் புஷ்களை இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் முறுக்கப்பட்டு விரைவில் கிழியும். இறுக்க அளவு தயாரிப்பாளர் கையேட்டின்படி அமைய வேண்டும்.
5. சக்கரம் முன்னைவிடத் தாழ்வாக இறங்கும் என்பதால், முழு இறக்கத்தில் பிரேக் குழாயும் சக்கர உணரிக் கம்பியும் இழுபடவில்லை எனப் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பி, டயர் எதிலும் உரசவில்லை எனவும் உறுதிசெய்ய வேண்டும்.

பயன்படுத்தும் முறை

தண்டைச் சமதளத்தில் நின்றுதான் கழற்ற வேண்டும். சரிவில் நிற்கும்போது தண்டு முறுக்கப்பட்டிருப்பதால் ஊசி இறுகிவிடும். இருபுற ஊசிகளையும் உருவிய பின், தண்டின் முனைகளை மேலே தூக்கி அடிச்சட்டத்தோடு வாரால் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் அவை டயரையோ பிரேக் குழாயையோ தாக்கக்கூடும். ஒருபுறம் மட்டும் கழற்றினாலும் தண்டின் விசை நீங்கிவிடும். எனினும் மறுபுறத்தோடு அசையும் தளர்முனை மோதும் என்பதால் அது தவிர்க்கப்படுகிறது.

தண்டு கழன்ற ஊர்தியைக் குறைந்த பற்சக்கர விகிதத்தில், நடைவேகத்தை ஒட்டியே ஓட்ட வேண்டும். கண்மாய்க் கரையின் பக்கச் சரிவில் குறுக்காகச் செல்லும்போது உடல் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சாயும். அத்தகைய இடங்களில் தண்டு பூட்டியிருப்பதே பாதுகாப்பு.

மீண்டும் பூட்டும்போதும் சமதளம் தேவை. துளைகள் சற்றே விலகியிருந்தால், ஒருவர் முன் பம்பரை அழுத்த மற்றவர் ஊசியைச் செருகலாம். சுத்தியலால் அடித்துச் செருகக்கூடாது. ஊசியின் பூட்டு வளையம் விழுந்திருப்பதைக் கையால் தொட்டு உறுதிசெய்ய வேண்டும். உருவிய ஊசிகளைப் பூட்டும் வரை ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் வைப்பது மறதியைத் தவிர்க்கும் எளிய வழியாகும்.

பராமரிப்பு

கரிசல் சேறு ஊசித்துளையில் காய்ந்தால் ஊசி அசையாது. ஒவ்வொரு பயணத்திற்குப் பின்னும் நீரால் கழுவி, கிரீஸ் தடவ வேண்டும். சாலையில் முன்புறம் "கடகட" என ஒலி கேட்டால் புஷ் அல்லது ஊசித்துளை தேய்ந்துள்ளது எனக் கொள்ளலாம்.

சட்ட நிலை

மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 52 ஆம் பிரிவு ஊர்திகளில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளரின் மூல வரையறைகளிலிருந்து ஊர்தியை மாற்றக்கூடாது என உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் தீர்ப்பளித்தது. எனவே பொருத்துமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டறிவது நலம். காப்புக்காடுகளுக்குள் இசைவின்றி ஊர்தி ஓட்டுவது குற்றமாகும். மேலூரை அடுத்த அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டுள்ளது. அங்குள்ள குன்றுகள் இத்தகைய ஓட்டத்திற்கு உரியவை அல்ல.

இவற்றையும் பார்க்க

- நான்கு சக்கர இயக்கம்
- டிஃபரன்ஷியல்
- சுருள்வில்
- கண்மாய்