எழும்பூரில் காத்திருக்கும் நாள்கள்

தென் மாவட்டங்களிலிருந்து தலைநகராம் சென்னைக்கு வருவோருள் உல்லாசமாக ஊர் பார்க்க வருவோர் சிலர். தேவையின் பொருட்டு வருவோரே பலர். மருத்துவம், நேர்முகத் தேர்வு, வழக்கு, அலுவலகத்தில் பெறவேண்டிய ஒரு கையெழுத்து ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று நம் குடும்பங்களை எழும்பூர் இரயில் நிலையத்தில் கொண்டுவந்து இறக்குகின்றது. நிலையத்திற்கு எதிரே கென்னட் சந்திலும் காந்தி இர்வின் சாலையிலும் தங்கும் விடுதிகள் நிறைந்துள்ளன. வந்த அலுவல் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். காத்திருப்போ பல நாள் நீளும். அந்நாள்களை நான்கு சுவர்களுக்குள் கழிப்பது எத்தகைய வேதனை என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன் நேரில் கண்டேன்.

தாமிரபரணிக் கரையில் நான் பணியாற்றிய பங்கைச் சேர்ந்த தம்பதியர் தம் பன்னிரண்டு வயது மகனை மருத்துவமனையில் சேர்த்திருந்தனர். பரிசோதனையின் முடிவு வர ஐந்து நாள் ஆகும் என்றனர் மருத்துவர். துணைக்கு ஒருவரே உடனிருக்கலாம் என்பதால் பகலில் சிறுவனின் அத்தை அங்கிருந்தாள். பெற்றோர் மாலைப் பார்வை நேரம் வரை விடுதியில் காத்திருந்தனர். வேறொரு பணியாகச் சென்னை வந்திருந்த நான் அவர்களைக் காணச் சென்றேன். கணவர் சன்னலருகிலும் மனைவி கட்டிலின் ஓரத்திலும் அமர்ந்திருந்தனர். இருவரிடையே பேச்சில்லை. செலவுக்காக இரண்டு ஏக்கர் நிலத்தை மனைவியிடம் சொல்லாமலே விற்றுவிட்டார் என்பது பிறகு எனக்குத் தெரிந்தது.

“வெளியே சற்று நடந்து வருவோம்” என்றேன்.

“பிள்ளை அங்கே கிடக்கையிலே நாங்க ஊர் பார்க்கவா சாமி?” என்றாள் அந்தத் தாய். நியாயமான கேள்விதான். எனினும் மாலையில் மகனைக் காணும்போது வாடாத முகத்தோடு காணவேண்டாமா என்றேன். புறப்பட்டனர்.

முதலில் பாந்தியன் சாலையிலுள்ள அரசு அருங்காட்சியகத்திற்குச் சென்றோம். 1851-இல் தொடங்கப்பெற்ற இந்நிலையம் வெள்ளிக்கிழமைகளில் மூடப்பட்டிருக்கும். அமராவதியின் பௌத்தச் சிற்பங்களும் திருவாலங்காட்டு நடராசர் முதலிய செப்புத் திருமேனிகளும் உலகப் புகழ் பெற்றவை. ஆயினும் அவ்விருவரை நிறுத்தி வைத்தவை ஆதிச்சநல்லூர்ப் பொருள்களே. அலெக்சாண்டர் ரீ என்னும் ஆய்வாளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகழ்ந்தெடுத்தவை இங்கே உள்ளன. தம் ஊருக்கு அண்மையில் வாழ்ந்த தொல்குடியினர் இறந்தோரைத் தாழிகளில் வைத்து, கலங்களையும் கருவிகளையும் உடன் வைத்தனர் என்று அறிந்தபோது, “அவுங்களும் பிள்ளை பெத்தவுங்கதானே” என்றாள் அந்தத் தாய். அன்று அவள் தானாகப் பேசிய முதற் சொல் அது. சாவோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை என்னும் ஏக்கம், நற்செய்தி இம்மண்ணை அடையுமுன்பே மனித நெஞ்சில் குடியிருந்தது என்பதற்கு அத்தாழிகளைக் காட்டிலும் வேறு சான்று வேண்டுமோ!

அதே வளாகத்தில் 1896-இல் திறக்கப்பெற்ற கன்னிமாரா நூலகம் உள்ளது. இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படிகளைச் சட்டப்படி பெறும் நான்கு நூலகங்களுள் இது ஒன்று. படிக்கும் பிள்ளைகளுடன் வருவோர் இதனைக் காட்டாமல் திரும்பலாகாது.

பின்பு பூந்தமல்லி நெடுஞ்சாலையிலுள்ள புனித அந்திரேயா ஆலயத்தை அடைந்தோம். ஸ்காட்லாந்துச் சபையினருக்காகக் கட்டப்பெற்று 1821-இல் திறக்கப்பெற்ற இவ்வாலயம் நம் சபையினது அன்று. எனினும் நாம் வியந்து கற்கவேண்டியது அதன் அடித்தளம். இளகிய மண் பாரத்தைத் தாங்காது எனக் கண்ட தெ ஹாவிலண்ட் என்னும் படைப் பொறியாளர், நம் நாட்டு வழக்கப்படி நிலத்தில் கிணறுகளை இறக்கி, அவற்றின்மேல் சுவர்களையும் பெருங்குவிமாடத்தையும் எழுப்பினார். இதனைக் கூறியதும் கணவர் நெடுநேரம் தரையையே நோக்கியிருந்தார். “நானும் ஒரு கிணறு வெட்டினேன் சாமி. அதையும் சேர்த்துத்தான் வித்தேன்” என்றார். மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். “வித்தது போகட்டும். பிள்ளை எந்திச்சு வந்தாப் போதும்” என்றாள். இருவரும் ஒரே இருக்கையில் அமர்ந்து அழுதனர். நான் வெளியே சென்று நின்றேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பாரிமுனைக்கு அருகில், மக்கள் வழக்கில் அரண்மனைக்காரன் தெரு என வழங்கும் ஆர்மீனியன் தெருவிற்குச் சென்றோம். 1642-இல் சென்னைக்கு வந்த கப்புச்சின் துறவி எஃப்ரேம் தொடங்கிய மறைப்பணியின் வழிவந்த புனித மரியன்னை இணைப்பேராலயம் அங்குள்ளது. செவ்வாய்தோறும் புனித அந்தோணியாரை நாடிச் சாதி சமய வேறுபாடின்றி மக்கள் திரள்கின்றனர். தம்பதியர் மெழுகுவர்த்தி ஏற்றிச் செபித்திருக்கையில், அருகிலுள்ள ஆர்மீனியர் ஆலயத்திற்குள் நான் மட்டும் சென்றேன். 1772-இல் எழுந்த அவ்வாலயத்தில் ஆறு பெருமணிகள் உள்ளன. அங்கே பணியாற்றிய ஹாரூத்யூன் ஷ்மாவோனியன் என்னும் குரு, உலகின் முதல் ஆர்மீனிய இதழை 1794-இல் இந்நகரிலேயே அச்சிட்டு வெளியிட்டவர். ஆர்மீனிய மரபில் மணமானோரும் குருக்களாகலாம். அவர் தம் புதல்வர் இருவரையும் ஒரே வாரத்தில் சாவுக்குக் கொடுத்தவர். அதன் பின்னரும் எழுந்து தம் மக்களுக்குத் தொண்டு புரிந்தார். இவ்வரலாற்றை அன்று அத்தம்பதியரிடம் நான் கூறவில்லை. எல்லா உண்மையும் எல்லா நாளும் கூறத்தக்கதன்று.

மூன்றாம் நாள் சாந்தோம் சென்றோம். எழும்பூரிலிருந்து சற்றுத் தொலைவாயினும் கிறித்தவக் குடும்பம் எதுவும் தவிர்க்கலாகாத திருத்தலம் இது. திருத்தூதர் தோமையாரின் கல்லறைமீது அமைந்த இன்றைய ஆலயம் 1896-ஐச் சேர்ந்தது. 1956-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பெற்றது. 1986 பிப்ரவரி 5 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இங்கு வந்து செபித்தார். காயத்தைத் தொட்டாலன்றி நம்பேன் என்ற திருத்தூதரின் கல்லறையருகே அவ்விருவரும் நெடுநேரம் முழங்காலிட்டிருந்தனர். ஐயத்தோடு வருவோரை அவர் நன்கறிவார்.

ஐந்தாம் நாள் முடிவு வந்தது. நோய் உண்டு, மருந்தும் உண்டு, காலம் பிடிக்கும் என்றனர். சிறுவன் இன்று பள்ளிக்குச் செல்கின்றான்; மருந்து இன்னும் நின்றபாடில்லை. விற்ற நிலம் திரும்பவில்லை. ஆயினும் வந்த செய்தியை அவ்விருவரும் ஒருவர் கையை ஒருவர் பற்றி நின்று கேட்டனர்.

அன்பு வாசகர்களே, துயரத்தோடு சென்னைக்கு வர நேரின் அறைக் கதவைத் தாழிட்டு அமர்ந்திராதீர்கள். எம்மாவு நோக்கிச் சென்ற சீடர் இருவரும் மனமுடைந்தே நடந்தனர். ஆனால் நடந்தனர், பேசிக்கொண்டே நடந்தனர். ஆண்டவர் அவர்களோடு வந்து சேர்ந்துகொண்டது அவ்வழியில்தான்.