விமானத்தில் சர்ஃப் போர்டு: எந்தப் பை, என்ன கணக்கு?

தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் கடற்கரை ஏறக்குறைய 30 கிலோமீட்டர். மீனவக் குடும்பத்தில் பிறந்த மூர்த்தி மேகவன் 2012-இல் அங்கே அலைச்சறுக்குப் பள்ளியைத் தொடங்கினார். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்தது. நம் பக்கத்துப் பிள்ளைகள் இன்று சொந்தப் போர்டு வாங்குகிறார்கள். அதை எடுத்துக்கொண்டு மங்களூர் அருகே சசிஹித்லுவுக்கோ, இலங்கையின் அறுகம் குடாவுக்கோ போக ஆசைப்படுகிறார்கள். அலையைப் படிக்கக் கற்றுக்கொண்டவர்கள் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் தடுமாறக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் அளவு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதே பல விமான நிறுவனங்களின் சாதாரணப் பெட்டிக் கணக்கு. ஆறடிப் போர்டு நீளத்திலேயே 183 சென்டிமீட்டர். ஆகவே எந்தப் போர்டும் பெரிய சாமான்தான். ஒரு நிறுவனம் அதை விளையாட்டுச் சாமானாக எடைக்குள் சேர்க்கும், இன்னொன்று தனிக் கட்டணம் வாங்கும். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கேட்கும்போது போர்டின் நீளத்தைச் சொல்லாதீர்கள், பையின் நீளத்தைச் சொல்லுங்கள். கவுன்டரில் அளப்பது பையைத்தான். எந்த ரக விமானம் என்பதையும் பாருங்கள். சிறிய ஏடிஆர் விமானத்தின் சரக்கு அறையில் நீளமான பைக்கு இடம் கிடைப்பது கடினம்.

இனி பை. போர்டின் உள்ளே இருப்பது நுரை. மேலே மெல்லிய கண்ணாடியிழைத் தோல். படுக்க வைத்துப் பரவலாகப் பாரம் ஏற்றினால் ஓரளவு தாங்கும். ஒரே புள்ளியில் இடித்தால் விரிசல் விடும். அந்த இடி பெரும்பாலும் மூக்கிலும் வாலிலும் விழும், அடுத்து ஓரங்களில். கடற்கரைக்கு எடுத்துப் போகும் 5 மில்லிமீட்டர் பை வெயிலுக்கும் கீறலுக்கும் போதும், விமானத்துக்குப் போதாது. 10 மில்லிமீட்டர் நுரை, இரு முனைகளிலும் கூடுதல் மெத்தை, பிளாஸ்டிக் ஜிப் உள்ள பையே வாங்குங்கள். உலோக ஜிப் நம் உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகிவிடும். பை போர்டைவிட மூன்று, நான்கு அங்குலம் நீளமாக இருக்கட்டும். அந்த இடைவெளியில் துண்டுகளைத் திணிக்கலாம். அதற்கு மேல் நீளம் வேண்டாம், போர்டு உள்ளே ஆடும். சக்கரம் வைத்த பெரிய பை வசதிதான். ஆனால் உள்நாட்டில் பல டிக்கெட்டுகளுக்கு 15 கிலோதான் இலவசம். அதில் கணிசமான பகுதியைப் பையே தின்றுவிடும். ஒரே ஒரு போர்டுக்குச் சக்கரம் தேவையில்லை என்பேன்.

கட்டும்போது போர்டின் அடியில் உள்ள ஃபின்களைக் கட்டாயம் கழற்றுங்கள். விட்டுவைத்தால் ஓர் இடியில் ஃபின் பொருந்தும் குழியோடு பெயர்ந்து வரும். ஓரங்களுக்கு ஏசி செப்புக்குழாயில் சுற்றும் கறுப்பு நுரைக்குழாயை நீளவாக்கில் கீறி மாட்டுங்கள். இது ஏசி உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். போர்டில் பூசும் மெழுகு வெயிலில் உருகி எல்லாவற்றிலும் ஒட்டும், தனி டப்பாவில் போடுங்கள். ஃபின் சாவி கைப்பையில் வேண்டாம். காற்றுத் திருகு உள்ள எபாக்சி போர்டு என்றால், தயாரிப்பாளர் சொன்னபடி பறப்பதற்கு முன் அதைத் தளர்த்துங்கள். இறங்கியதும், தண்ணீரில் வைப்பதற்கு முன், மறக்காமல் இறுக்குங்கள்.

ஒன்பதடி லாங்போர்டை எடுத்துப் போகவே வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. சில நாள் பயணம்தானே, போகிற இடத்தில் வாடகைக்கு எடுங்கள்.

விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் ரயில் நிலையம் இருந்தாலும், காலை நெரிசலில் மின்சார ரயில் போர்டுக்கு ஏற்றதல்ல. கூரைக் கம்பி உள்ள கார் நல்லது. போர்டுப் பை சாதாரண பெல்ட்டில் போகாது, தனியே ஸ்கேன் செய்வார்கள். ஆகவே வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் போங்கள். வெளிநாடு என்றால், விலையுயர்ந்த போர்டுக்குப் புறப்படும்போதே சுங்கத்துறையிடம் ஏற்றுமதிச் சான்று வாங்குங்கள். திரும்பி வரும்போது வரி பற்றிய கேள்வி எழாது.

பையை ஒப்படைக்கும் முன் போர்டின் இரு பக்கத்தையும் படம் எடுங்கள். இறங்கியதும் அங்கேயே திறந்து பாருங்கள். சேதம் இருந்தால் வெளியே வருவதற்கு முன் புகாரைப் பதிவு செய்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, சர்வதேசப் பயணத்தில் சாமான் சேதத்துக்கு எழுத்துப் புகார் தரும் கெடு, அது கைக்கு வந்ததிலிருந்து 7 நாள்.