கிராமச் சேவைச் சங்கங்களும் சேமநிதியும்

இலாபம் கருதாது ஊர் நன்மையின் பொருட்டு ஏற்படும் சிறு சங்கங்கள் பல, சில ஆண்டுகளுக்குள் தளர்ந்துவிடுவதுண்டு. அங்கத்தினரின் ஊக்கக் குறைவே இதற்குக் காரணமென்பர். கணக்குப் புத்தகத்தைப் பார்த்தாலோ, நல்ல ஆண்டில் எதுவும் எடுத்து வையாமையே பெரும்பாலும் காரணமாகக் காணப்படும்.

மதுக்கரையைச் சூழ்ந்த கிராமங்களில் மானாவாரி வெள்ளாமை மழையை நம்பியது. மழை பொய்த்த ஆண்டில் சந்தா வசூல் குறையும். கிணற்றில் தூர் எடுத்தல், கால்நடைத் தீவனம் முதலிய உதவிகளுக்கு அவ்வாண்டிலேயே தேவை மிகும். வரவு சுருங்குங் காலமும் செலவு பெருகுங் காலமும் ஒன்றாகவே வருகின்றன.

ஜெர்மனி தேசத்து ரைபைசன் சங்கங்கள் சேமநிதியைப் பங்கிட்டுக்கொள்ளாமல் காத்துவந்தன. அவற்றை ஆராய்ந்து சென்னை மாகாண அதிகாரி சர் பிரெடரிக் நிக்கல்சன் அறிக்கை எழுதினார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. 1912-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நிகர இலாபத்தில் நாலில் ஒரு பாகத்தைச் சேமநிதிக்குச் செலுத்திய பின்னரே, பதிவாளரின் அனுமதியுடன், எஞ்சியதில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாமல் தர்ம காரியத்திற்கு வழங்கலாயிற்று. 400 ரூபாய் இலாபமாயின், சேமநிதிக்கு 100. எஞ்சிய 300-இல் தர்மத்திற்கு 30 வரை.

இம்முறையைச் சேவைச் சங்கங்களும் கைக்கொள்ளலாம். உதாரணமாக, ஆண்டிற்கு 12,000 ரூபாய் சந்தா பெறும் சங்கம் 3,000 ரூபாயை ஒதுக்கி, 9,000 ரூபாயைச் செலவிடுவதாகக் கொள்க. ஐந்தாண்டுகளில் வட்டி நீங்கலாகச் சேமநிதி 15,000 ரூபாயாகும். ஆறாவது ஆண்டு பஞ்சத்தால் 6,000 ரூபாயே வசூலாயினும், சேமநிதியினின்று 6,000 எடுத்து 12,000 ரூபாய்க்கு ஊர்ப்பணி செய்யலாம். அப்பாலும் 9,000 இருப்பு நிற்கும். ஒதுக்காத சங்கமோ அவ்வாண்டில் தன் பணியைப் பாதியாகக் குறைக்க நேரும்.

குறித்த காரியத்திற்கென வந்த நன்கொடையைப் பொது வரவில் கலத்தலாகாது. கட்டடம் கட்ட ஒருமுறை பொருள் கிடைக்கும். பழுது பார்க்கும் செலவோ ஆண்டுதோறும் வரும். ஆதலால் அதற்கெனத் தனியே ஒரு தொகை வைத்தல் நலம். ரொக்கத்தை ஒருவர் கையில் விடாது பாங்கியில் இட்டு, இருவர் கையொப்பத்தின் பேரில் எடுக்கவேண்டும்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ்ப் பதிவான சங்கங்கள் ஆண்டுதோறும் கணக்கைத் தயாரித்துப் பதிவாளரிடம் தாக்கல் செய்யக் கடமைப்பட்டவை. அதே கணக்கை மகாசபையில் யாவரும் கேட்க வாசித்தால், சந்தா செலுத்துவோருக்கு நம்பிக்கை வளரும். அறுவடை முடிந்து கையில் பணம் புழங்கும் காலத்திலேயே சந்தாவை வசூலித்து, செலவைத் தொடங்குமுன் சேமநிதிப் பாகத்தை ஒதுக்கிவிடும்படி நிலக்கிழார்களும் கிராம அதிகாரிகளும் தத்தம் ஊர்ச் சங்கங்களைத் தூண்டுவார்களாக.