திடீர் மறதி: ஆசிரியர்கள் அறிய வேண்டியவை

சமயபுரத்தில் எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் ஒரு நாள், 58 வயது மூத்த ஆசிரியர் "இன்று என்ன கிழமை?" என்று கேட்டார். சொன்னேன். இரண்டே நிமிடத்தில் மீண்டும் அதே கேள்வி. எங்கள் பெயரெல்லாம் சரியாகச் சொன்னார். காலை வழிபாட்டுக் கூட்டம் நடந்ததே நினைவில்லை. "வெயில்தான், மோர் குடித்தால் சரியாகும்" என்றனர் சிலர். நான் 108-ஐ அழைத்தேன். மாலைக்குள் தெளிந்துவிட்டார், இடைப்பட்ட நேரம் மட்டும் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

இதற்கு 'டிரான்சியன்ட் குளோபல் அம்னீசியா', அதாவது தற்காலிக முழு மறதி என்று பெயர். ஃபிஷர், ஆடம்ஸ் என்ற மருத்துவர்கள் 1958-இல் இப்பெயரை இட்டனர். பெரும்பாலும் 50 வயதைக் கடந்தவர்களுக்கு வரும். 24 மணி நேரத்துக்குள் நீங்கும். கடும் உழைப்பு, மன அதிர்ச்சி, குளிர்ந்த நீரில் திடீரென இறங்குதல் ஆகியவற்றுக்குப் பின் வருவதுண்டு. மூளையில் புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி சில மணி நேரம் செயல்படாமல் போகிறது. கரும்பலகையில் பழைய எழுத்து பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. புதிதாக எழுதுவதுதான் படியவில்லை.

இது பைத்தியமன்று, முதுமை மறதி நோயும் அன்று. ஆனால் பக்கவாதம், வலிப்பு, சர்க்கரை குறைவு ஆகியவையும் இப்படித் தொடங்கலாம். வேறுபடுத்திச் சொல்ல மருத்துவரால்தான் முடியும். எனவே தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். வண்டி ஓட்டவோ தனியாக வீட்டுக்குச் செல்லவோ விடாதீர்கள். நூறாவது முறை கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். மாணவர்களிடம் நாம் தினமும் காட்டும் பொறுமைதானே அது!