ஆறு ஸ்பீக்கர், காணாமல் போன வசனம்

டிவிடி உறையில் 5.1 என்று பளபளக்கிறது. வீட்டில் கேட்பதோ வேறு. கோளாறு பெரும்பாலும் பிளேயரில் இல்லை. டிஸ்க் தயாரான மேஜையில்.

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஸ்பீக்கர் கேபிள் முதல் டிவிடி ரைட்டர் வரை எதையும் பேரம் பேசி வாங்கலாம். அப்படி வாங்கிய செட்டை அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ வீட்டுக் கூடத்தில் மாட்டி, தமிழ்ப் படம் ஒன்றைப் போட்டதும் கிளம்பும் புகார் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். பாட்டு வந்தால் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. கதாநாயகன் பேசினால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. வசனத்துக்கு ஏற்றி, சண்டைக்கு இறக்கி, ரிமோட்டுக்கு ஓய்வே இல்லை. பழி செட் மேல் விழும். கடைக்காரர் கேபிளை மாற்றச் சொல்வார். கேபிள் மாறும், வசனம் மட்டும் வராது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தன் இந்திய வடிவமைப்பு மையத்தைத் திறந்தது இதே பெங்களூரில், 1985இல். ஒலியை எண்களாக மாற்றிக் கையாளும் சிக்னல் பிராசசிங் சிப்கள் அந்தக் கம்பெனியின் தனிச்சிறப்பு. அங்கிருந்து வெளியே வந்தவர்கள் 2001இல் இதே துறையில் இட்டியம் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கணக்கு தெரிந்த ஊர்தான். ஆனால் கணக்கு சரியாக இருந்தும், ஒரே ஒரு வரிசை மாறினால் போதும், படம் பாழ்.

அந்த வரிசையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 5.1 என்பது ஆறு தனித்தனி ஒலித்தடங்கள். முன்னால் இடது, நடு, வலது, பின்னால் இரண்டு, அடிநாதத்துக்கு மட்டும் ஆறாவது. சினிமா மிக்சிங் அரங்குகளில் இவற்றை இடது, நடு, வலது, பின் இடது, பின் வலது, அடிநாதம் என்று அடுக்குவது ஒரு மரபு. டிவிடி தயாரிக்கும் பல மென்பொருள்கள் எதிர்பார்ப்பதோ இடது, வலது, நடு, அடிநாதம், பின் இடது, பின் வலது. முதல் வரிசையில் வந்த ஆறு ஃபைல்களை இரண்டாவது வரிசையில் செருகினால் நடப்பது இது: வசனம் வலது ஸ்பீக்கரில் பேசும். வலதுபக்க இசை நடுவில் வரும். பின் இடது ஒலி சப்-ஊஃபருக்குப் போகும். அந்தத் தடம் 120 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் கடத்தாது என்பதால் ஏறக்குறைய முழுதும் செத்துவிடும். வெடிச்சத்தம் சோபாவுக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் போய்க் கரகரக்கும். மென்பொருள் எந்தப் பிழையும் காட்டாது. ஆறு தடம் கேட்டது, ஆறு தடம் கிடைத்தது, அதற்குத் திருப்தி.

வரிசை சரியாக இருந்தும் வசனம் அமுங்கினால், அடுத்த சந்தேகம் டயலாக் நார்மலைசேஷன் என்ற ஒற்றை எண் மீது. படத்தில் பேச்சு சராசரியாக எவ்வளவு சத்தத்தில் இருக்கிறது என்று டால்பி டிஜிட்டல் டிகோடருக்குச் சொல்லும் எண் அது. மைனஸ் 31 என்று குறித்தால் டிகோடர் ஒலியைத் தொடாது. பல என்கோடர்களில் தானாக நிற்கும் மைனஸ் 27 என்றால் மொத்த ஒலியும் 4 டெசிபல் குறையும். மைனஸ் 20 என்றால் 11 டெசிபல். ஒரே டிஸ்க்கில் டால்பி, டிடிஎஸ் இரண்டும் இருந்தால் டிடிஎஸ்தான் உயர்ந்தது என்று நண்பர்கள் அடித்துச் சொல்வார்களே, அந்தத் தீர்ப்பில் பாதி இந்த 4 டெசிபலுக்குச் சேர வேண்டியது. சத்தம் கூடினால் தரமும் கூடியதாக நினைப்பது காதின் இயல்பு.

தமிழ்ப் படங்களுக்கு என்று தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. 1995இல் 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோ ஒலியோடு வந்தது. மறு ஆண்டே 'கறுப்பு ரோஜா' டிடிஎஸ்ஸைக் கொண்டுவந்தது. பிலிம் ஓடிய தியேட்டரில் டிடிஎஸ் ஒலி பிலிமில் இருக்கவில்லை, தனி சிடியில் ஓடியது. பிலிம் ஓரத்தில் இருந்த குறியீடுதான் இரண்டையும் பிடித்து வைத்தது. ஆபரேட்டர் பாட்டைக் கத்தரித்தாலும் ஒலி அதற்கேற்பத் தாவிச் சேர்ந்துகொண்டது. நம்மூர் தியேட்டர்களுக்காகவே கண்டுபிடித்தது போல.

ஆனால் டால்பி ஸ்டீரியோ என்பது ஆறு தடம் அல்ல. இரண்டு தடத்துக்குள் நான்கை மடித்து வைத்த ஏற்பாடு. அதற்கு முந்தைய படங்களில் மிகப் பெரும்பாலானவை ஒற்றைத் தடம்தான். இவற்றின் டிவிடியிலும் 5.1 என்று அச்சடித்திருந்தால், இல்லாத தடங்களை யாரோ மென்பொருளை வைத்துக் கறந்திருக்கிறார்கள் என்று பொருள். ஒரே ஒலியை ஐந்து திசையிலும் தெளித்து, பின்னால் கொஞ்சம் எதிரொலி சேர்த்தால் சிவாஜியின் வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருக்கும். இதற்கு மருந்து இல்லை. ஒற்றைத் தடத்தை ஒற்றைத் தடமாகவே நடு ஸ்பீக்கரில் விட்டிருந்தால் எவ்வளவோ மேல்.

அசலாகவே ஆறு தடத்தில் கலந்த படத்திலும் கவனம் தேவை. தியேட்டரில் பின் ஸ்பீக்கர்களை முன் ஸ்பீக்கர்களைவிட 3 டெசிபல் குறைத்து அமைப்பது வழக்கம். கலப்பவர் அதற்கேற்பப் பின் ஒலியைச் சற்றுத் தூக்கலாகவே பதிவார். வீட்டில் எல்லாம் சம அளவு. அந்த 3 டெசிபலைக் குறைக்க என்கோடரிலேயே வசதி உண்டு. அதை மறந்தால் மழையும் கூட்டமும் முதுகுக்குப் பின்னால் நின்று வசனத்தை அடிக்கும்.

இனி, ஆறு ஸ்பீக்கர் இல்லாத வீடுகள். அவைதான் அதிகம். டிவியின் இரண்டு ஸ்பீக்கருக்காகப் பிளேயர் ஆறையும் இரண்டாகக் குறைக்கும்போது அடிநாதத் தடத்தை மொத்தமாக விட்டுவிடும். பறையின் அடியையும் உறுமியின் முழக்கத்தையும் அந்தத் தடத்தில் மட்டுமே வைத்திருந்தால் கிராமத்துத் திருவிழாவில் கை மட்டும் ஆடும், பறை ஒலிக்காது. அது முன் ஸ்பீக்கர்களிலும் இருந்தாக வேண்டும்.

உதடும் வசனமும் ஒத்துப்போகாதது அடுத்த தலைவலி. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். அமெரிக்க என்டிஎஸ்சி முறையில் டிஸ்க் செய்யும்போது அது 23.976 ஆகிறது. ஆயிரத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம். மூன்று மணி நேரப் படத்தில் அது 10.8 விநாடி! முதல் காட்சியில் யாருக்கும் தெரியாது. இடைவேளை நெருங்கும்போது வில்லன் வாயைத் திறக்கும் முன்பே மிரட்டி முடித்திருப்பான். தொடக்கம் முதலே ஒரே அளவு விலகல் என்றால் ஃபைலை நகர்த்தினால் போதும். போகப் போகக் கூடுகிறது என்றால் வேகம்தான் தவறு, நகர்த்திப் பயனில்லை.

இந்தியாவின் பால் முறையிலோ நொடிக்கு 25 ஃபிரேம். படத்தை அப்படியே 4 சதவீதம் வேகமாக ஓட்டுவதுதான் சுலப வழி. மூன்று மணி நேரப் படம் ஏழு நிமிடம் முன்னதாகவே முடிந்துவிடும். பாட்டின் சுருதி அரைக் கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக ஏறிவிடும். சாதாரண ரசிகர் பொறுத்துக்கொள்வார். தம்பூராவோடு உட்கார்ந்து சினிமாப் பாட்டைப் பாடிப் பழகும் பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள். சுருதியைப் பழைய இடத்துக்கு இறக்க மென்பொருள் இருக்கிறது, பொறுமைதான் வேண்டும். ஆடியோ சிடியிலிருந்து எடுத்த பாட்டைச் சேர்ப்பவர்களுக்கு இன்னொரு பள்ளம்: சிடி 44.1 கிலோஹெர்ட்ஸ், டிவிடி 48. முறையாக மாற்றாமல் ஒட்டினால் பாட்டு ஓட்டமாக ஓடும்.

இடப் பஞ்சமும் உண்டு. ஓரடுக்கு டிவிடியில் 4.7 ஜிபி. மூன்று மணி நேர ஆறு தட ஒலியைச் சுருக்காமல் வைத்தால் ஒலிக்கு மட்டுமே 6 ஜிபிக்கு மேல் வேண்டும். முழு அளவு டிடிஎஸ் 2 ஜிபியைத் தின்றுவிடும். படம் கட்டம் கட்டமாக உடையும். டிவிடியில் டால்பிக்கு உச்ச அளவான 448 கிலோபிட்டில் வைத்தால் 600 எம்பி. நீளமான நம் படங்களுக்கு அதுவே போதும் என்பது என் கட்சி. தவிர, டிடிஎஸ் படிக்கத் தெரியாத பிளேயர்கள் உண்டு. டால்பி தடம் ஒன்றும் கூடவே இல்லாவிட்டால் அவற்றில் படம் ஊமைப்படம்.

இத்தனையும் இன்று யாருக்கு? 2007 வாக்கில் 34 ரூபாய்க்குத் தமிழ் டிவிடி விற்ற மோசர் பேர், 2018இல் கலைப்புக்கு உத்தரவாகி முடிந்துபோனது. படம் இப்போது செல்போனில் வருகிறது. ஆனால் அரங்கேற்றத்தையும் கல்யாணத்தையும் டிஸ்க்கில் கேட்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அலமாரியில் இருக்கும் பழைய டிஸ்க்கைக் கணினிக்கு மாற்றி வைப்பவர்களும் இருக்கிறார்கள்; வரிசையும் வேகமும் மாறிய தடங்கள் அப்படியே அங்கேயும் குடியேறுகின்றன. 'மகாநதி', 'தில் சே', 'லகான்', 'கன்னத்தில் முத்தமிட்டால்' ஆகியவற்றுக்குத் தேசிய விருது பெற்ற ஒலிப்பதிவாளர் எச். ஸ்ரீதர் 2008இல் காலமானார். அவர் எந்த ஒலியை எந்த மூலையில் வைத்தார் என்று இனி அவரைக் கேட்க முடியாது. தடத்தைத்தான் கேட்க வேண்டும்.

தயாரிப்பவர்களுக்குச் செலவில்லாத சோதனை ஒன்று. "இடது, நடு, வலது, பின் இடது, பின் வலது" என்று உங்கள் குரலிலேயே ஒவ்வொரு தடத்திலும் பேசிப் பதியுங்கள். கூடவே படத்தின் முதல் ஒரு நிமிடம், கடைசி ஒரு நிமிடம். இரண்டையும் முழுப் படத்தின் அதே ஃபைல்களிலிருந்து, அதே அமைப்பில் எடுத்து, அழித்து எழுதும் டிஸ்க்கில் பதித்து, முதலில் ஆறு ஸ்பீக்கர் உள்ள வீட்டில் போடுங்கள். பிறகு பக்கத்து வீட்டுப் பாட்டியின் பழைய டிவியில். வசனம் அவருக்குப் புரிந்தால் நூறு காப்பி போடலாம்.