ஐந்து கஜத்துக்கு அப்பால் கை வைத்தால்

1970களில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் மெல் பிளவுண்டை எதிர்கொள்வது எந்த ரிசீவருக்கும் பெரும்பாடு. ஆறடி மூன்று அங்குல உயரம், நீண்ட கைகள், அந்த உடம்புக்கு நம்ப முடியாத வேகம். பந்தைப் பிடிக்க ஓடுகிறவரை முதல் எட்டிலேயே மார்பில் கை வைத்துத் தள்ளுவார். தப்பித்து ஓடினால் கூடவே ஓடி மறுபடியும் இடிப்பார். 1975 சீசனில் எதிரணிகள் வீசிய 11 பாஸ்களைப் பறித்தார். அந்த ஆண்டின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருதும் அவருக்கே கிடைத்தது. இந்த இடியும் தள்ளும் அன்றைய விதிகளுக்கு உட்பட்டவைதான்.

அமெரிக்கன் ஃபுட்பாலை அதிகம் பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி விளக்கம் வேண்டும். பந்தை வைத்திருக்கும் அணிக்கு 10 கஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள். குவார்ட்டர்பேக் பின்னால் நின்று பந்தை வீசுவார், ரிசீவர் முன்னே ஓடிப் பிடிப்பார். அந்த ரிசீவரை நிழல்போல் தொடர்ந்து பாஸைக் கெடுப்பது கார்னர்பேக்கின் வேலை. குவார்ட்டர்பேக்குக்குக் கிடைக்கும் அவகாசம் இரண்டரை, மூன்று நொடிதான். அதற்குள் ரிசீவரின் ஓட்டத்தை அரை நொடி குலைத்துவிட்டாலும் இருவரும் பயிற்சியில் பழகிவைத்த கணக்கு தவறிவிடும்.

1977 சீசனில் தற்காப்பு அணிகள் ஆட்டத்தையே நெரித்துவிட்டன. ஓர் அணி ஒரு போட்டியில் எடுத்த சராசரிப் புள்ளி 17.2 மட்டுமே, 1942க்குப் பிறகு அவ்வளவு குறைந்ததில்லை. தொழில்முறை லீகான என்எஃப்எல் உடனே செயல்பட்டது. 1978இல் புதிய விதி வந்தது: ஆட்டம் தொடங்கும் கோட்டிலிருந்து 5 கஜம் வரை ரிசீவரைத் தடுக்கலாம், இடிக்கலாம், அதைத் தாண்டிவிட்டால் கை வைக்கக் கூடாது. ரசிகர்கள் இதற்கு வைத்த பெயர் ‘மெல் பிளவுண்ட் விதி’.

பிளவுண்ட் அதற்கெல்லாம் அசரவில்லை. ஆட்ட முறையை மாற்றிக்கொண்டு 1983 வரை ஆடினார், 1989இல் புகழரங்கத்திலும் இடம்பெற்றார். ஸ்டீலர்ஸ் அணியோ விதி வந்த முதல் இரண்டு சீசன்களிலும் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை வென்றது. எதிரணித் தற்காப்பின் கை கட்டப்பட்டதும் குவார்ட்டர்பேக் டெர்ரி பிராட்ஷாவின் நீண்ட பாஸ்கள் ரிசீவர்கள் லின் ஸ்வான், ஜான் ஸ்டால்வொர்த் கைகளைத் தேடிப் போயின. 1984இல் மயாமியின் குவார்ட்டர்பேக் டான் மரினோ ஒரே சீசனில் 5,084 கஜம் வீசினார். 5,000ஐ அதுவரை யாரும் தாண்டியதில்லை.

இன்றைய என்எஃப்எல்லில் ரிசீவரைத் தொடுவது குறித்து மூன்று குற்றங்கள் உண்டு. குவார்ட்டர்பேக் தன் இடத்தில் பந்தோடு நிற்கும்போது 5 கஜத்துக்கு அப்பால் ரிசீவரை இடித்தால் ஒன்று. சட்டையையோ கையையோ பற்றி இழுத்தால் மற்றொன்று. இரண்டுக்கும் தண்டனை 5 கஜம், கூடவே எதிரணிக்குப் புதிதாக நான்கு வாய்ப்புகள். பந்து காற்றில் இருக்கும்போது, அது வந்து சேரும் முன்பே ரிசீவரை மோதித் தடுப்பதுதான் மூன்றாவது, ஆகப் பெரியது. அந்தக் குற்றம் 40 கஜம் தள்ளி நடந்தால் பந்தை 40 கஜம் தள்ளியே வைப்பார்கள். கல்லூரி ஆட்டத்தில் இதே குற்றத்துக்கு 15 கஜம்தான் உச்சவரம்பு. தொழில்முறை லீகின் கடுமையே சரி. 15 கஜத்தோடு போய்விடும் என்றால், ஓட்டத்தில் தோற்றுப் பின்தங்கிய கார்னர்பேக் ரிசீவரை இழுத்துத் தள்ளிவிட்டு அந்தத் தண்டனையை வாங்கிக்கொள்வார்.

ஏட்டில் இருக்கும் விதி வேறு, நடுவர் கண்ணுக்குப் படும் விதி வேறு. 2004 ஜனவரியில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் ரிசீவர்களை ஆட்டம் முழுக்க நெருக்கியடித்தது. பேட்ரியட்ஸ் வீரர் டை லா மட்டும் கோல்ட்ஸ் குவார்ட்டர்பேக் பெய்ட்டன் மேனிங்கின் மூன்று பாஸ்களைப் பறித்தார். கோல்ட்ஸ் தரப்பு கொதித்தது. பழைய 5 கஜ விதியையே கறாராக அமல்படுத்தும்படி லீக் நடுவர்களுக்கு உத்தரவிட்டது. அடுத்த சீசனில் மேனிங் புள்ளி தரும் டச்டவுன் பாஸ்கள் 49 வீசி மரினோவின் 48 என்ற சாதனையைக் கடந்தார்.

2019 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸில் நடந்தது இன்னும் ஆறாத காயம். சூப்பர் பௌலுக்குப் போவது யார் என்ற ஆட்டம், 20-20 சமநிலை, இரண்டு நிமிடம்கூட மிச்சமில்லை. செயிண்ட்ஸ் ரிசீவர் டாமிலீ லூயிஸ் மீது, பந்து வரும் முன்பே எதிரணியான ராம்ஸின் நிக்கல் ரோபி-கோல்மன் முழு வேகத்தில் மோதினார். குற்றத்தைக் காட்ட நடுவர் வீசும் மஞ்சள் கொடி விழவில்லை. கூடுதல் நேரத்தில் ராம்ஸ் 26-23 என வென்றது. சீக்கிரம் போய் மோதிவிட்டதை ரோபி-கோல்மனே பிறகு ஒப்புக்கொண்டார். இத்தகைய தீர்ப்புகளை வீடியோவில் மறுபரிசீலனை செய்யும் விதி அந்த ஆண்டே வந்தது. குழப்பம் மிஞ்சியதால் ஒரே சீசனோடு கைவிடப்பட்டது.

இவையெல்லாம் வெற்றி தோல்விக் கணக்கு. உயிரையும் உடம்பையும் பற்றிய கணக்கு வேறு. அதில் லீக் காட்டிய தாமதம் மன்னிக்கக் கூடியதல்ல.

5 கஜ விதி வந்த அதே 1978, ஆகஸ்ட் 12. ஓக்லண்டில் சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டம். பேட்ரியட்ஸ் ரிசீவர் டாரில் ஸ்டிங்லி, எட்டாத பாஸ் ஒன்றுக்காகக் கையை நீட்டியபடி பாய்ந்தார். எதிரே வந்த ரெய்டர்ஸ் வீரர் ஜாக் டேட்டம் முழு வேகத்தில் மோதினார். கழுத்தெலும்பு முறிந்து ஸ்டிங்லிக்குக் கைகால்கள் செயலிழந்தன. வயது 26. 2007இல் இறக்கும்வரை சக்கர நாற்காலிதான். அன்று நடுவர் கொடி வீசவில்லை, ஏனென்றால் அந்த மோதலைத் தடுக்கும் விதியே அப்போது இல்லை.

புள்ளிகள் குறைந்தபோது ஒரே ஆண்டில் விதியைத் திருத்திய லீக், தற்காத்துக்கொள்ள முடியாத நிலையிலுள்ள ரிசீவரின் தலையில் தோளாலோ முன்கையாலோ மோதுவதையும் 15 கஜக் குற்றமாக்க 2009 வரை எடுத்துக்கொண்டது. 2010 அக்டோபரில் கிளீவ்லண்ட் ரிசீவர் முகமது மசாகுவாவைத் தாக்கியதற்காக ஸ்டீலர்ஸ் வீரர் ஜேம்ஸ் ஹாரிசனுக்கு 75,000 டாலர் அபராதம் விழுந்தது. களத்தில் கொடி விழாத மோதல் அது. லீக் பிறகு வீடியோவைப் பார்த்துத் தண்டித்தது. கோபத்தில் ஓய்வு பெறப்போவதாகக்கூடச் சொன்ன ஹாரிசன் ஓரிரு நாளில் பயிற்சிக்குத் திரும்பினார். இனி அபராதத்தோடு விடமாட்டோம், ஆட்டத்திலிருந்தே விலக்குவோம் என்று லீக் அந்த வாரமே எச்சரித்தது. 2011 டிசம்பரில் ஒரு குவார்ட்டர்பேக்கைத் தலையில் மோதியதற்காக அதே ஹாரிசன் ஓர் ஆட்டம் சம்பளமின்றி வெளியே உட்கார வேண்டியிருந்தது.