முதுகெலும்பு முறிவுக்குச் சிமென்ட் ஊசி: யாருக்கு, எப்போது?

முதுமையில் எலும்புகள் சல்லடைபோல் மெலிந்துவிடும்போது, தண்ணீர்க் குடத்தைத் தூக்குவதும் பலமாகத் தும்முவதும் கூட முதுகெலும்பை நொறுக்கி அமுக்கப் போதுமானவை. பலர் இதைப் 'பிடிப்பு' என்று எண்ணி, வாரக்கணக்கில் எண்ணெய் தேய்த்து நீவிய பிறகே எங்களிடம் வருகின்றனர். எக்ஸ்ரேயில் முறிவைக் காட்டியதும், "சிமென்ட் ஊசி போட்டால் உடனே சரியாகிவிடுமாமே?" என்று கேட்கின்றனர்.

இது கட்டடச் சிமென்ட் அன்று. மூட்டு மாற்று அறுவையில் பயன்படும் அக்ரிலிக் வகை. நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, தோல் வழியே ஊசியைச் செலுத்தி எலும்பினுள் இதை நிரப்புகிறோம். இது வெர்டிப்ரோபிளாஸ்டி. முதலில் சிறு பலூனை விரித்து இடம் உண்டாக்கிய பின் நிரப்பினால் கைபோபிளாஸ்டி. பெரிய கீறல் இல்லை; பெரும்பாலோர் அன்றோ மறுநாளோ எழுந்து நடக்கின்றனர்.

ஆயினும் எல்லோருக்கும் இதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. 2009இல் வெளியான இரு ஆய்வுகளில், சிமென்ட் பெற்றவர்களுக்கும் போலிச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் வலி ஏறத்தாழ ஒரே அளவில்தான் தணிந்தது. 2016இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வோ, முறிவு ஏற்பட்டு ஆறு வாரத்திற்குள் கடும் வலியுடன் இருந்தோருக்குப் பயன் உண்டு என்றது. விவாதம் இன்னும் ஓயவில்லை. பெரும்பாலான முறிவுகளின் வலி, மருந்து, இடுப்புப் பட்டை, மெல்லிய நடை ஆகியவற்றாலேயே ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் அடங்கிவிடுகிறது.

மருந்துக்குப் பின்னும் படுக்கையில் புரளக்கூட இயலாதவர்களுக்கே ஊசியைப் பற்றி யோசிக்கிறோம். அசையாமல் கிடக்கும் முதியவருக்குப் படுக்கைப் புண்ணும் நிமோனியாவும் வெகுதொலைவில் இல்லை. அப்போதும், முறிவு புதியதுதானா என்பதை எம்.ஆர்.ஐ. உறுதிசெய்ய வேண்டும். ஆறிப்போன முறிவில் சிமென்ட் நிரப்புவதால் பயனில்லை. சிமென்ட் கசிந்து நரம்பையோ, இரத்தக்குழாய் வழியே நுரையீரலையோ பாதிப்பது அரிது. ஆனால் அவ்வாறு நேர்வதுண்டு.

குடும்பத்தினர் பெரும்பாலும் மறந்துவிடுவது வேறொன்று. சிமென்ட் தாங்குவது அந்த ஓர் எலும்பை மட்டுமே. வலி போனதும் சிகிச்சை முடிந்ததாகக் கருதி எலும்பு மெலிவுக்கான மருந்தை நிறுத்திவிடுகின்றனர். ஒருமுறை முறிந்தவருக்கு அடுத்த எலும்பும் முறியும் வாய்ப்பு மிகுதி. எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் வைட்டமின் டி அளவும் பார்த்து, மாத்திரையோ ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றும் சோலெட்ரானிக் அமிலமோ தேவையா என்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

கால்கள் வலுவிழந்தாலோ, சிறுநீர் மலம் கட்டுக்குள் இல்லாமல் போனாலோ, புறநோயாளிப் பிரிவு திறக்கும்வரை காத்திருக்க வேண்டா. அன்றிரவே அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.